சாவு விழுந்த வீட்டை வாங்கலாமா? ‘ரீட் எதிர் கிங்’ வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

வீடு பார்க்கப் போகிறவர்கள் போர் எத்தனை அடி, ரோடு எத்தனை அடி, பட்டா யார் பெயரில் என்று எல்லாம் கேட்பார்கள். இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்க மட்டும் வாய் வராது. துணிந்து கேட்டாலும் தரகர், “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், பெரியவர் ஒருத்தர், கல்யாணச் சாவு” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இதை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா, இல்லை விற்பவர் கேட்காமலே சொல்ல வேண்டுமா? அமெரிக்க நீதிமன்றங்கள் இதைப் பல முறை விசாரித்திருக்கின்றன. அவற்றில் தெளிவாக யோசித்த தீர்ப்பு என்று நான் நினைப்பது, கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983-இல் கொடுத்த ‘ரீட் எதிர் கிங்’. அந்த ஊர்ச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருப்பது. ஆவி உண்டா இல்லையா என்ற வம்புக்குள் அது போகவே இல்லை. அதனால்தான் நமக்கும் உதவுகிறது.

நடந்தது என்ன

வாங்கியவர் ரீட் என்ற பெண்மணி, விற்றவர் கிங். கொடுத்த விலை 76,000 டாலர். வீடு நல்ல நிலையில் இருக்கிறது, தனியாக இருக்கும் வயதான அம்மாளுக்குப் பொருத்தமானது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த வீட்டில் பத்து வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணும் அவருடைய நான்கு குழந்தைகளும் கொலை செய்யப்பட்டிருந்தார்கள். விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தரகர்களும்தான். வீட்டை விற்பனைக்கு விடும்போதே, இந்தச் சம்பவத்தால் சந்தை விலை அடிபடும் என்று விற்றவருக்கும் அவருடைய தரகருக்கும் தெரியும் என்பது அந்த அம்மாள் தரப்பு மனு.

மனுவில் இன்னொரு வரி இருந்தது. என் கணக்கில் வழக்கின் உயிரே அதில்தான். விற்றவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், வாங்குகிற அம்மாளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். பழைய கதைதானே, யார் பொருட்படுத்தப்போகிறார்கள் என்று உண்மையிலேயே நினைத்தவர் வேலி தாண்டிப் போய் வாயை அடைக்க மாட்டார்.

அடைத்த வாய் ரொம்ப நாள் தாங்கவில்லை. குடிவந்த பிறகு அக்கம்பக்கத்தார் எல்லாவற்றையும் சொன்னார்கள். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதால் வாங்க ஆளே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். நடந்ததைக் கணக்கில் எடுத்தால் வீட்டின் மதிப்பு 65,000 டாலர்தான், 11,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து ஏமாந்தேன், விற்பனையை ரத்து செய்யுங்கள், நஷ்ட ஈடும் கொடுங்கள் என்று அவர் நீதிமன்றம் போனார். கொடுத்த பணத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அந்தப் பதினோராயிரம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்று வழக்கு போட்டிருந்தால் அது வேறு மாதிரி முடிந்திருக்கும். தொகையைப் போட்டுக் காட்டியதுதான் வழக்கைக் காப்பாற்றியது.

கீழே தள்ளுபடி, மேலே திருப்பம்

கீழ் நீதிமன்றம் சாட்சி விசாரணைக்கே போகவில்லை. மனுவில் சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படி வழக்கு இல்லை என்று தள்ளிவிட்டது. நம் ஊர் வக்கீல்கள் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 7 ரூல் 11 என்பார்களே, ஏறத்தாழ அது. அதை எதிர்த்துத்தான் மேல்முறையீடு.

அதுவரை வந்திருந்த வழக்குகளில் விற்பவர் மறைத்தது கட்டடத்திலோ மண்ணிலோ உள்ள குறையாகவோ சட்டக் குறையாகவோ இருந்தது. கரையான் அரித்த வீடு, பள்ளத்தை மண் போட்டு மூடிக் கட்டிய மனை, விதிமீறிய கட்டடம் இப்படி. கொலை இதில் எந்த வகை? சுவரில் விரிசல் இல்லை. கூரை ஒழுகவில்லை. பத்திரம் சுத்தம். இருப்பது ஊர்ப் பேச்சு மட்டும்.

இதையெல்லாம் குறை என்று ஒப்புக்கொண்டால் மூடநம்பிக்கைக்குக் கதவைத் திறந்துவிட்டது போல் ஆகும், நாளைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லிக் கிரயத்தை ரத்து செய்யக் கிளம்புவார்கள் என்பது எதிர்வாதம். கூடாரத்துக்குள் ஒட்டகம் மூக்கை நீட்டும் கதையை நீதிமன்றமே தீர்ப்பில் குறிப்பிடுகிறது. அந்தப் பயத்தை அது லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிலும் வைத்திருந்தது.

ஒரு வீட்டின் மதிப்பு அதன் செங்கல்லை மட்டும் வைத்து எப்போதும் தீர்மானிக்கப்பட்டதில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு ராத்திரி தூங்கிய வீடு என்றால் விலை ஏறுகிறது. அவர் தூங்கியதால் சுவர் பலமாகிவிடவில்லை. நல்ல பெயருக்கு விலை உண்டென்றால் கெட்ட பெயருக்கும் உண்டு. விலையைக் கணிசமாகவும் அளந்து காட்டும்படியாகவும் பாதிக்கிற ஒரு செய்தி விற்பவருக்கு மட்டும் தெரிகிறது, அது விலையைப் பாதிக்கும் என்பதும் அவருக்குத் தெரிகிறது என்றால், அது செங்கல் பற்றிய செய்தியா சம்பவம் பற்றிய செய்தியா என்று பார்த்துச் சலுகை கொடுக்க நியாயம் இல்லை என்றது நீதிமன்றம். குற்றமறியாதவர்கள் கொலையான இடத்தில் சிலரால் குடியிருக்கவே முடியாமல் போகலாம், எதற்காக வாங்கினார்களோ அதற்கே அந்த வீடு உதவாமல் போகும் என்பதையும் கணக்கில் எடுத்தது.

அம்மாள் ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் வந்தது. கொலை ஒன்றும் அன்றாடம் எல்லா வீட்டிலும் நடப்பதல்ல. வீடு வாங்குகிறவர் ஒவ்வொருவரும் அதை எதிர்பார்த்துத் துருவ வேண்டும் என்று சட்டம் கேட்க முடியாது. கரையான் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். இங்கே ஐந்து பேர் கொல்லப்பட்டார்களா என்று கேட்கத் தோன்றாது.

இதை வைத்து ‘கொலை நடந்த வீட்டை விற்றால் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பு’ என எழுதுகிறவர்கள் உண்டு. தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. பத்து வருடப் பழைய சம்பவத்தால் விலை உண்மையிலேயே குறைந்ததா என்பதை அந்த அம்மாள்தான் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்க வாய்ப்புக் கொடுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான்.

மூன்று வருடக் கோடு

வீடு விற்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். எந்தச் சாவைச் சொல்ல வேண்டும், எத்தனை வருடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் கோடு எதுவும் இல்லை. 1986-இல் கலிபோர்னியா சட்டமன்றம் கோடு போட்டது. சிவில் சட்டத்தில் 1710.2 என்று ஒரு பிரிவு. வாங்குபவர் விலை கேட்டு வரும் நாளுக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே நடந்த சாவை, அது எப்படிப்பட்ட சாவானாலும், சொல்லாமல் விட்டதற்காக வழக்கு போட முடியாது. முன்பு குடியிருந்தவருக்கு எய்ட்ஸ் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டாலும் வழக்கு இல்லை. அந்த நோயைச் சுற்றி அன்றைக்கு இருந்த பீதியை நினைத்தால் இது ஏன் உள்ளே வந்தது என்று புரியும்.

அதே பிரிவின் கடைசியில் ஒரு வரி. வாங்குபவர் நேரடியாகக் கேட்டால், வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புத் தராது.

ஆக, ரீட் அம்மாள் இன்றைக்கு அதே வீட்டை வாங்கியிருந்தால், பத்து வருடப் பழைய சம்பவத்தைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும் முன் “இங்கே யாராவது இறந்திருக்கிறார்களா?” என்று ஒரு வாக்கியம் கேட்டு, அதற்குப் பொய்யான பதில் வந்திருந்தால் வழக்கு நிற்கும். 1983-இல் விற்பவர் தலையில் ஏற்றிய பாரத்தில் பாதியை 1986 இறக்கி வாங்குபவர் பக்கம் வைத்துவிட்டது. மூன்று வருடம் என்ற எண்ணில் எந்த ஆழ்ந்த தத்துவமும் இல்லை. எங்கேயாவது ஒரு கோடு வேண்டும், போட்டார்கள்.

ஜப்பானும் இதே எண்ணில் வந்து நின்றது வேடிக்கை. அங்கே நிலம், போக்குவரத்தைப் பார்க்கும் அமைச்சகம் 2021 அக்டோபரில் தரகர்களுக்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. முதுமை, நோயால் வந்த சாவு, படியில் விழுந்தது, குளியலறையில் வழுக்கியது, சாப்பாடு தொண்டையில் சிக்கியது போன்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. கொலை, தற்கொலை என்றால் வாடகை வீட்டுக்கு ஏறக்குறைய மூன்று வருடம்வரை சொல்ல வேண்டும். விற்பனைக்கு அப்படிக் கால வரம்பு வைக்கவில்லை. இயற்கைச் சாவே ஆனாலும் உடல் பல நாள் கவனிக்கப்படாமல் கிடந்து, தனியாக ஆள் வைத்துச் சுத்தம் செய்யும் நிலை வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் நிறைந்த நாடு, அனுபவத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அங்கே செல்லும், இங்கே செல்லாது

கலிபோர்னியா கதையைக் கேட்டுவிட்டு அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பென்சில்வேனியாவில் 2006 பிப்ரவரியில் ஒரு வீட்டில் கணவர் மனைவியைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். அதே வருடம் வீடு ஏலத்துக்கு வந்தது. ஒரு தம்பதி 4,50,000 டாலருக்கு எடுத்து, 2007-இல் 6,10,000 டாலருக்கு விற்றார்கள். நடுவில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டுமா என்று வக்கீலிடமும் அரசின் ரியல் எஸ்டேட் ஆணையத்திலும் விசாரித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று பதில் கிடைத்தது. படிவத்தில் எழுதவில்லை.

வாங்கியவர் கலிபோர்னியாவிலிருந்து பிள்ளைகளோடு இடம் மாறி வந்த பெண். இவருக்கும் குடிவந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். (இந்த வழக்குகளில் எல்லாம் உண்மையைச் சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரர், அதுவும் கிரயம் முடிந்த பிறகு.) ‘மில்லிகன் எதிர் ஜகோனோ’ என்ற அந்த வழக்கில் 2014-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வாங்கியவருக்கு எதிராக முடிவு செய்தது. வீட்டுக்குள் நடந்த துயரச் சம்பவம் வீட்டின் தரத்தைப் பாதிப்பதில்லை, விற்பவர் குறைகளைச் சொல்ல வேண்டும் என்ற விதி வீட்டின் தரத்தைப் பற்றியது என்றார்கள். ரத்தம் சிந்திய சாவைச் சொல்ல வேண்டும், விஷத்தால் வந்த சாவைச் சொல்ல வேண்டாமா? பலாத்காரம், கொள்ளை, குழந்தைக் கொடுமை நடந்திருந்தால்? எங்கே கோடு போடுவது என்று கேட்டு, அந்த வேலைக்குள் இறங்க மறுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பழைய மாநிலத்தில் இதே வீடு இருந்திருந்தால், சம்பவம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகாததால் மூன்று வருடச் சலுகை விற்றவர்களுக்குக் கிடைத்திருக்காது. மாநில எல்லையைத் தாண்டியதில் உரிமையும் போயிற்று. அந்த 1,60,000 டாலர் வித்தியாசம் முழுவதையும் சாவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஏலத்தில் எந்த வீடும் மலிவாகப் போகும். ஆனால் ஏலத்தில் எடுத்தவர்களுக்குச் சம்பவம் தெரிந்திருந்தது, அவர்களிடமிருந்து வாங்கியவருக்குத் தெரியவில்லை என்பதை மறக்க முடியாது.

பேய் வீடு என்று வாட்ஸப்பில் சுற்றும் வழக்கு இந்த இரண்டும் இல்லை. அது 1991-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் வந்த ‘ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி’. நையாக் என்ற ஊரில் வீடு வைத்திருந்த அம்மாள், தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாகத் தானே பத்திரிகைகளுக்குச் சொல்லி ஊரறியச் செய்திருந்தார். விற்கும்போது மட்டும் வெளியூர்க்காரரிடம் சொல்லவில்லை. நீயே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் இந்த வீட்டில் பேய் உண்டு என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சிரிப்பதற்கு நல்ல வழக்கு. சாவு விழுந்த வீட்டைப் பற்றி அதில் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை.

நம் சட்டத்தில் இது எங்கே உட்காரும்

நம்மிடம் 1710.2 போல ஒரு பிரிவு கிடையாது. இருப்பது 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் இது பொருந்தாது. வங்கி ஏலத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று போடுவது இதற்காகத்தான்.

கொலையைச் ‘சொத்தில் உள்ள குறை’ என்று சொல்லலாமா? ரீட் வழக்கைக் காட்டி ஆமாம் என்று வாதாடலாம், மில்லிகன் வழக்கைக் காட்டி இல்லை என்றும் வாதாடலாம். இதை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

இதைவிடப் பலமானது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவுப்படி வெறுமனே வாய் மூடி இருப்பது மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி. பக்கத்து வீட்டுக்காரரின் வாயை அடைப்பது இந்த வகையில் நேராகப் போய் விழும். அதே பிரிவுக்கு உதாரணமாகச் சட்டத்திலேயே ஒரு குதிரை வியாபாரம் இருக்கிறது. “நீங்கள் மறுக்கவில்லையென்றால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்” என்கிறார் வாங்குபவர். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை இருந்த இடத்தில் வீட்டை வைத்துப் பாருங்கள். “இந்த வீட்டில் கொலை, தற்கொலை, வேறு துர்மரணம் எதுவும் நடந்ததில்லை என்ற நம்பிக்கையில் வாங்குகிறேன், அப்படி ஏதாவது உண்டென்றால் சொல்லிவிடுங்கள்” என்று விற்பவருக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி. முடிந்தால் அதையே விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பது இன்னும் நல்லது. ஸ்டாம்ப் பேப்பரில் பத்து வரி ஏற்கெனவே இருக்கும், பதினோராவது வரிக்கு யாரும் கூடுதல் பணம் கேட்கப் போவதில்லை. விற்பவர் அந்த வரியைப் பார்த்ததும் முகம் மாறினால் அதுவே பாதி பதில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விற்பவர் வெறும் மௌனத்தால் ஏமாற்றியிருந்தாலும், வாங்கியவர் சாதாரண முயற்சி எடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19-ஆவது பிரிவு விதிவிலக்கு வைத்திருக்கிறது. கொலையை எதிர்பார்த்து விசாரிக்க வேண்டியதில்லை என்று கலிபோர்னியா சொன்னது. நம் ஊர் நீதிபதி, தெருமுனை டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் துர்மரணம் ரகசியமாக இருந்ததில்லை. இஸ்திரி போடுகிறவர், பால்காரர், எதிர்வீட்டு அம்மா, மூவரில் ஒருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். தரகர் இல்லாத நேரத்தில், சாயங்காலமாக, தனியாகப் போய்க் கேளுங்கள். “வீடு வாங்கலாம்னு இருக்கோம்” என்று சொன்னாலே போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

வாங்கலாமா

எந்தச் சாவு என்று முதலில் பிரிக்க வேண்டும். வயதாகி, நோயில் படுத்து, பிள்ளைகள் சூழ இறந்தவர் வீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அக்கிரகாரத்து வீடு, செட்டிநாட்டு வீடு எதை எடுத்தாலும் பிரசவமும் சாவும் அதே ரேழிக்கும் முற்றத்துக்கும் இடையில்தான் நடந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் சாவது வழக்கமான பிறகுதான் வீட்டில் சாவது விசேஷச் செய்தியாகிவிட்டது. நம் வழக்கமும் இந்தச் சாவுக்குப் பரிகாரத்தை முடித்து வைத்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தோடு தீட்டு கழிகிறது. அவிட்டம் முதல் ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் இறந்தால் தனிஷ்டா பஞ்சமி என்று ஆறு மாதம் அடைப்பு வைப்பார்கள், சிலர் அந்த அறையை மட்டும் பூட்டி வைப்பார்கள். அதுவும் கெடு முடிந்தால் திறந்துவிடுவதுதான். இப்படிப்பட்ட சாவைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பது அல்பத்தனம்.

கொலை, தற்கொலை என்றால் கணக்கு வேறு. “நான் பெரியார் ஆள், எனக்கு இதெல்லாம் கிடையாது” என்பவருக்கும் வேறுதான். வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடியை விற்கும்போது அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வாங்க வருகிறவர் பெரியார் ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடுத்த ஐந்து வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இந்த மலிவு மலிவே அல்ல. கடைசிவரை நாம்தான் இருக்கப் போகிறோம் என்றால், கையில் மிஞ்சுவது உண்மையான லாபம். சென்னை போன்ற ஊரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாடகைக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பேச்சு சில வருடங்களில் நீர்த்துப்போகும். சின்ன ஊரில் தனி வீடு என்றால் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லவே அந்தச் சம்பவம் அடையாளமாகிவிடும், உங்கள் பேரன் காலத்திலும்.

விலையை முடிவு செய்ய ‘பாவம், ஏதோ குறைத்துக் கேட்போம்’ என்று குத்துமதிப்பில் இறங்க வேண்டாம். ரீட் அம்மாள் செய்ததுதான் சரியான வழி. சம்பவமே நடக்காவிட்டால் இந்த வீடு இந்தத் தெருவில் என்ன போகும், நடந்தது தெரிந்த ஒருவர் என்ன கொடுப்பார், இரண்டையும் எழுதுங்கள். வித்தியாசம்தான் பேச வேண்டிய தொகை. பரிகாரப் பூஜைக்கு ஆகும் செலவைக் கழித்துக்கொள்ளச் சொல்லி முடிக்கப் பார்க்கும் தரகர்கள் உண்டு. கணபதி ஹோமத்தின் செலவு வேறு, வீட்டின் பெயர் கெட்டதற்கான விலை வேறு.

வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால்? என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். பகலெல்லாம் அந்த வீட்டுக்குள் இருக்கப் போகிறவர் அவராகத்தான் இருப்பார், பெரும்பாலும். வாதாடி ஜெயித்து வாங்கிய வீட்டில் முதல் காய்ச்சல் வந்ததுமே பழி உங்கள் தலையில் விழும். தயக்கம் அரைகுறையாக இருந்தால், பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேட்கலாம். ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

பத்திரத்தில் தேட வேண்டியது

இவ்வளவு பேசும் குடும்பங்கள், அந்தச் சாவு உரிமையை என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

வீட்டுக்காரர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்துவாக இருக்கும் பட்சத்தில், மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயாரும் முதல் வகுப்பு வாரிசு. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. நடைமுறையில் மனைவியும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், ஊரில் இன்னொரு மகன் வீட்டில் இருக்கும் பாட்டியை யாரும் நினைக்க மாட்டார்கள். பாட்டி போன பிறகு அவருடைய கால் பங்குக்கு அவர் பெற்ற மற்ற பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இளம் வயதில் துர்மரணம் என்றால் தாயார் உயிரோடு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வாரிசுச் சான்றில் தாயார் பெயர் இருக்கிறதா, அவர் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் அம்மா கையெழுத்து மட்டும் போதாது. மைனரின் பங்கை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை மேஜராகி மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுக் கிரயத்தை ரத்து செய்யலாம்.

கொலை என்றால் இன்னொரு சிக்கல். கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தடுக்கிறது. வீடு மனைவி பெயரில் இருந்தது, மனைவி இறந்தார், கணவர்மேல் கொலை வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக மனைவியின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போக வேண்டும். தண்டனை உறுதியானால் கணவர் மனைவிக்கு முன்பே இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அவருக்குப் பங்கே கிடையாது. விடுதலையானால் அவர் பங்கு கேட்டு வரலாம். வழக்கு முடியும்வரை அவர் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பணம் அவசரமாகத் தேவைப்படுவதும், விலை கண்ணைப் பறிக்கும்படி குறைவாக இருப்பதும் இந்த நேரத்தில்தான். அப்படி ஒரு வீடு உங்களிடம் வந்தால் குற்றப் பத்திரிகையின் நகலை முதலில் கேளுங்கள், வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது முடிந்து மேல்முறையீட்டுக் கெடுவும் கழியும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.